ஞானேஸ்வரனின் மைனஸ் முப்பத்தைந்து

லண்டனின் ஹரோப் பகுதியில் பிறந்தநாளோ, சாமத்தியச் சடங்கோ, செத்தவீட்டு எட்டாம் நாளோ, எது நடந்தாலும் சாப்பாடு முடிந்து தேநீர் வரும் நேரத்தில் ஞானேஸ்வரன் தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் தொங்கவிடுவார். அதைக் கண்டதுமே அவர் மனைவி யோகமலருக்கு வயிறு எரியத் தொடங்கும். நோர்வேக் கதை வரப்போகிறது என்று அர்த்தம்.

"இதெல்லாம் ஒரு குளிரோ, சொல்லுங்கோ பாப்பம்?" என்று தொடங்குவார். "நாங்கள் இருந்த இடத்தில மைனஸ் முப்பத்தைஞ்சு. கண்ணீர் வந்தா கன்னத்திலயே உறைஞ்சு போகும்."

அந்த எண்ணின் வரலாறு யோகமலருக்கு மட்டும்தான் தெரியும். 2000ஆம் ஆண்டு, நோர்வேயை விட்டு லண்டனுக்குக் குடிவந்த புதிதில் அது மைனஸ் பதினெட்டாக இருந்தது. அது உண்மை. அப்படி ஒரு நாள் இருந்தது. அடுத்த வருடம் ஹரோவில் வீடு வாங்கியதும் இருபத்தைந்தானது. மூத்தவள் லக்‌ஷிகா நல்ல பள்ளிக்கூடத்துக்கு எடுபட்டபோது முப்பது. 2002 நத்தார்ப் பண்டிகைக்கு முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டது. இந்த மனுசனுக்கு இங்கே மதிப்பு ஏற ஏற அங்கே குளிர் இறங்கிக்கொண்டு போகிறது, இன்னும் நாலு வருடம் போனால் அந்த ஊரில் ஒருவரும் உயிரோடு இருந்திருக்க முடியாது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

குளிர் முடிந்ததும் விறகு அடுப்பு வரும்.

"காலமை நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்டவேணும். சும்மா நெருப்புக்குச்சியைத் தட்டிப் போடுற வேலையில்லை. அது ஒரு கலை."

கலை என்று சொல்லும்போது இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். சுற்றி இருக்கும் கணக்காளர்களும் கணினிக்காரர்களும் வாயைப் பிளந்து கேட்பார்கள். நாலரைக்கு எழும்பியது யார், மூட்டியது யார் என்று ஒருவராவது கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

மூட்டியது யோகமலர். பதினொரு குளிர்காலம், ஒரு விடியற்காலை தவறாமல் மூட்டியது அவள். அவளுக்கு நகையில் பெரிய ஆசை கிடையாது. புது சோபா வேண்டும், கார் மாற்றவேண்டும் என்று அவரை ஒருநாளும் அரித்ததில்லை. ஆனால் இந்த ஒன்றை மட்டும் அவள் மனதார விரும்பினாள்: நாலு பேர் முன்னால், அந்தக் கையை விரிக்காமல், "அடுப்பு மூட்டினது யோகம்" என்று அவர் தன் வாயால் ஒருமுறை சொல்லவேண்டும். ஒரேயொரு முறை. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

அவள் அங்கே போய் இறங்கியபோது வயது இருபத்து மூன்று. ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் ஒரு மீன்பிடி ஊர். கலியாணம் பேசி, படம் பார்த்துச் சம்மதித்து வந்தவள். ஊரில் ஒரு மரம்கூடக் கிடையாது. கடற்காற்று எதையும் நிமிர விடாது. விறகு நாட்டின் உட்பகுதியிலிருந்து வலைச் சாக்குகளில் லொறியேறி வரும். மீன் தொழிற்சாலை கொடுத்த பழைய பலகை வீட்டில் மின்சார ஹீற்றர் ஒன்று சுவரில் இருந்தது. அது தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ள மட்டும்தான் போதும். வீட்டைச் சூடாக்கியது கூடத்து மூலையில் நின்ற கறுப்பு இரும்பு அடுப்பு.

முதல்நாள் அவள் மூட்டியபோது வீடு முழுக்கப் புகை. இரண்டாம் நாளும் புகை. ஒரு கிழமை கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிந்த பிறகுதான் விளங்கியது, இரவு முழுக்கச் சிம்னிக்குள் குளிர்காற்று இறங்கிக் குந்திக்கொண்டு இருக்கிறது, அதைக் கிளப்பாமல் புகை மேலே போகாது என்று. ஒரு கடதாசியைச் சுருட்டிக் கொளுத்தி, சிம்னி தொடங்கும் வாய்க்குள் சிறிது நேரம் பிடித்தால் காற்று புரண்டு மேலே போகும். பிறகு விரல் மொத்தத்தில் கொத்திய சிராய்கள். அவை பிடித்தபின் கைமொத்தமான துண்டுகள். அதன் பின்தான் கட்டை. சாம்பலை முழுக்க அள்ளக்கூடாது, தணலுக்குப் படுக்கை வேண்டும். அடுப்புக் கதவை வெறுங்கையால் திறக்கக்கூடாது என்பதை அவளுடைய வலது உள்ளங்கை படித்தது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது.

ஞானேஸ்வரன் ஐந்தரைக்கு எழும்புவார். அப்போது வீடு சூடாகியிருக்கும், தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் யன்னல் கண்ணாடிக்கு வெளியே ஒரு வெப்பமானி பூட்டியிருப்பார்கள், உள்ளே நின்றே பார்க்கலாம். அவர் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு யன்னலடியில் நிற்பார். "இண்டைக்குப் பன்னிரண்டு" என்று செய்தி வாசிப்பவர் மாதிரி அறிவிப்பார். அந்த நேரம் யோகமலர் வெளியே விறகுக் கொட்டிலில், அன்றைய நாளுக்கான விறகைப் பனிக்குள்ளிருந்து கிண்டி எடுத்துக்கொண்டிருப்பாள். அவருடைய குரல் கண்ணாடிக்கு வெளியே கேட்காது.

அவர் சோம்பேறி என்று அவள் சொல்லமாட்டாள். எட்டு மணித்தியாலம் ஈரத்தில் நின்று மீன் வெட்டிவிட்டு வரும் மனுசன். விரல்கள் மடங்காமல் வரும். அவள் சுடுதண்ணியில் வைத்து உருவிவிடுவாள். அவர் பட்ட அந்தப் பாட்டை ஊரைக் கூட்டிச் சொன்னாலும் அவள் பக்கத்தில் நின்று தலையாட்டத் தயார். அதை மட்டும் அவர் வாய் திறந்து சொல்லமாட்டார். ஹரோவில் மீன் நாற்றத்துக்கு மதிப்பு இல்லை, அடுப்புக்கு மதிப்பு இருக்கிறது. தன் பாட்டை ஒளித்துவைத்துவிட்டு அவளுடைய பாட்டை எடுத்து உடுத்திக்கொண்டு திரிகிறார் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அவருக்கு மூட்டத் தெரியாது என்பதற்கு அவளிடம் சாட்சி உண்டு. 1993இல் இளையவன் மிதுலன் பிறந்தபோது அவள் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். திரும்பி வந்தபோது வீடு ஐஸ்பெட்டி. சமையலறைக் குழாய் உறைந்து வெடித்திருந்தது. ஞானேஸ்வரன் முதல்நாளே மூத்தவளைத் தூக்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருந்த தவராசா வீட்டில் போய்க் குடியேறியிருந்தார். "பிள்ளைக்கு விளையாட ஆள் வேணுமெல்லோ" என்றார். பச்சைப் பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டு, தையல் காயாத வயிற்றோடு குனிந்து அவள்தான் அடுப்பு மூட்டினாள்.

லண்டனுக்கு வந்தது பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக. அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் மனேஜர் வேலை. அவளுக்கு ஆரம்பப் பள்ளியில் மத்தியானச் சாப்பாடு பரிமாறும் வேலை. ஹரோவில் குளிர் என்பது சுவரில் இருக்கும் ஒரு திருகுதான். தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சங்கத் தலைவர் பாலசுப்பிரமணியன் வீட்டில் அந்தத் திருகு எப்போதும் இருபத்தாறில் நிற்கும். அவர் மனைவி வசந்தமலர் ஜனவரியில் கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு விசிறியபடி இருப்பார். "எங்களுக்குக் குளிர் பழகீட்டுது" என்பார். யோகமலர் சிரிப்பை அடக்க அவசரமாக வடையைக் கடிப்பாள்.

அந்தப் பாலசுப்பிரமணியன் 2002 கோடையில் வீட்டுக்குப் பின்னால் கண்ணாடி அறை ஒன்று கட்டினார். ஞானேஸ்வரனுக்கு இரண்டு கிழமை நித்திரை இல்லை. மூன்றாம் கிழமை விறகு அடுப்புக்கு ஓடர் கொடுத்தார்.

ஒக்டோபரில் அடுப்பு வந்தது. கண்ணாடிக் கதவு வைத்த, கறுத்த, மினுங்கும் அடுப்பு. பூட்ட வந்த ஐரிஷ்காரன், கடையில் கூடவே கொடுத்த காய்ந்த விறகுப் பையை உடைத்துத் தானே மூட்டிக் காட்டினான். அன்று பின்னேரம் விருந்தாளிகள் வந்தபோது அது அழகாக எரிந்துகொண்டிருந்தது. ஞானேஸ்வரன் முன்னால் நின்று கையை விரித்தார். கவுன்சில் அனுமதித்த வகை அடுப்பு என்ற சான்றிதழைச் சட்டம் போட்டு, லக்‌ஷிகாவின் அரங்கேற்றப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அடுத்த நாள் அடுப்பு ஆறியதும் அதன் மேல் ஒரு பின்னல் துணி விரிக்கப்பட்டது. துணியின் மேல் குத்துவிளக்கு. குத்துவிளக்குக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சாடி. அதற்குப் பிறகு ஒருவரும் அதை மூட்டவில்லை.

"இப்ப என்ன குளிர்? இந்தக் குளிருக்கு விறகு வீண். உண்மையான குளிர் வரட்டும்" என்றார்.

விறகு மட்டும் வந்து இறங்கியது. பக்கத்து ஊரான பின்னரில் யாரோ ஒருவரின் தோட்டத்தில் அந்தக் கிழமை வெட்டிய மரம். தொட்டால் கை நனைந்தது. ஒரு கட்டையைத் தூக்கிப் பார்த்த யோகமலருக்கு அதன் பாரத்திலேயே தெரிந்துவிட்டது, இது இரண்டு வருடம் காற்றில் கிடக்கவேண்டிய விறகு. ஞானேஸ்வரன் அதற்குச் செய்த உபசாரத்தைப் பார்த்துத்தான் அவளுக்குத் தலை சுற்றியது. பெற்றோல் நிலையத்துக்குச் சாமான் வரும்போது சுற்றியிருக்கும் பொலித்தீன் சுருள் ஒன்றை அவர் கொண்டுவந்தார். கட்டைகளை ஆறாறாக அடுக்கி, காற்றுப் புகாமல் சுற்றிச் சுற்றி, நுனியை ஒட்டுநாடாவால் ஒட்டினார். சோபாவின் பொலித்தீனை வாங்கிய நாளிலிருந்து கழற்றாத வீடு அது. டிவி ரிமோட்டுக்கு உறை, தொலைபேசிக்கு உறை, சாப்பாட்டு மேசைக்கு உறை. விறகுக்கு மட்டும் ஏன் குறை வைக்கவேண்டும்?

"இஞ்சாருங்கோ, விறகுக்குக் காத்து வேணும். பொலித்தீனுக்கை வைச்சா பூஞ்சணம் பிடிக்கும்."

"மழை பட்டா நாசமாப் போயிடும் யோகம்."

"மேல மட்டும் மூடுங்கோ. பக்கத்தைத் திறந்து விடுங்கோ. அங்க அப்பிடித்தானே வைச்சனாங்கள்."

"அங்க எப்பிடி வைச்சதெண்டு எனக்குத் தெரியாதோ? நீர் சும்மா இரும். உமக்கென்ன தெரியும்!"

உமக்கென்ன தெரியும். அவள் சும்மாதான் இருந்தாள். ஆனால் அந்தச் சொல் நெஞ்சுக்குள் முள் மாதிரிச் செருகிக்கொண்டது. இந்த விறகு இவரைச் சந்தி சிரிக்க வைக்கட்டும், நான் ஒரு விரல் அசைக்கமாட்டேன் என்று முடிவுகட்டினாள்.

முடிவு கட்டினாலும், வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். சூட்டுக்குப் பொயிலரை நம்பி இருக்கும் வீடு, ஒருநாள் நின்றால் என்ன செய்வது என்ற யோசனை அவளை விடவில்லை. அடுத்த நாளே ஒரு சின்னக் கைக்கோடரி வாங்கினாள். பள்ளிக்கூடச் சமையலறையால் இரண்டரைக்கு வந்துவிடுவாள், பிள்ளைகள் வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கும். பொலித்தீனால் சுற்றாமல் மிஞ்சிய கட்டைகளைக் கொல்லையில் வைத்து விரல் மொத்தத்திலும் கைமொத்தத்திலும் கொத்தினாள். மேல்மாடியில், குளியலறைக்குப் பக்கத்தில், சுடுதண்ணித் தாங்கி இருக்கும் சின்ன அலுமாரி எந்த நேரமும் கணகணவென்று இருக்கும். துவாய் அடுக்கி வைப்பது அங்கேதான். துவாய்களுக்குப் பின்னால், சுவரோடு சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல் குறுக்கும் மறுக்குமாக அடுக்கிவிட்டாள். கிழமைக்கொருமுறை புரட்டிவிடுவாள். குளித்துவிட்டுத் துவாயை மணந்து பார்த்து, "என்ன சோப்பு மாத்திப் போட்டீரோ, நல்ல மணமாக் கிடக்கு" என்று ஞானேஸ்வரன் ஒருநாள் சொன்னார். கண்முன்னால் இருந்ததை அவருடைய மூக்குக்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

உண்மையான குளிர் 2003 ஜனவரி கடைசியில் வந்தது. வியாழக்கிழமை பின்னேரம் பனி கொட்டத் தொடங்கியது. நாலு விரல் பனிக்கு லண்டன் கையைத் தூக்கிவிட்டது. பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ரயில் நிலையத்தில் பெரிய மனிதர்கள் குழந்தைப் பிள்ளைகள் மாதிரி விழித்துக்கொண்டு நின்றார்கள். டிவியில் பார்த்த யோகமலருக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வெள்ளிக்கிழமை காலை பொயிலர் ஒருமுறை உறுமிவிட்டு நின்றது. திருத்துகிறவன் திங்கட்கிழமைதான் வருவானாம்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சங்கக் கூட்டம். தமிழ்ப் பள்ளி நடக்கும் கட்டடம் பனியால் பூட்டியிருந்தது. கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்று பாலசுப்பிரமணியன் தொலைபேசியில் சொன்னது யோகமலருக்குக் கேட்டது. ஞானேஸ்வரன் விடவில்லை.

"ஏன் தள்ளுவான், பாலா அண்ணை? எங்கட வீட்டுக்கு வாங்கோ. ஹீட்டிங் இல்லைத்தான், அதால என்ன? அடுப்பு மூட்டுறன். நோர்வே எப்பிடியெண்டு ஒருக்காப் பாருங்கோ."

தொலைபேசியை வைத்தவுடன் அவரே குத்துவிளக்கையும் பூச்சாடிகளையும் பின்னல் துணியையும் எடுத்து ஒரு பக்கம் வைத்தார். யோகமலர் பிள்ளைகளை மேல்மாடியில் கட்டிலில் ஏற்றி, போர்வைக்குள் சுடுதண்ணிப் பைகளை வைத்துவிட்டு, சமையலறையில் வடைக்கு அரைக்கத் தொடங்கினாள்.

பதினொரு மணிக்கு எட்டுப் பேர் வந்தார்கள். பாலசுப்பிரமணியன், வசந்தமலர், தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பஸ்தியாம்பிள்ளை மாஸ்டர், இன்னும் ஐந்து பெற்றோர். எல்லோரும் கோட்டோடு, தொப்பியோடு, பொலித்தீன் மூடிய சோபாவில் சரசரத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஞானேஸ்வரன் ஜாக்கெட்டைக் கழற்றினார்.

சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே யோகமலருக்கு எல்லாம் தெரிந்தது. அவர் ஒரு கட்டைப் பொதியைக் கொண்டுவந்து பொலித்தீனைக் கிழித்தார். உள்ளிருந்து தண்ணீர் கம்பளத்தில் கொட்டியது. கட்டைகளில் வெள்ளைப் பூஞ்சணம் தாடி மாதிரி வளர்ந்திருந்தது.

"இது பனி ஈரம். நெருப்புப் பட்டாச் சரி" என்றார்.

நாலு பெரிய கட்டையை அடுப்புக்குள் திணித்தார். முழு நாளிதழ் ஒன்றைக் கசக்கி அடியில் செருகி நெருப்பு வைத்தார். கடதாசி எரிந்து முடிந்தது. கட்டை எரியவில்லை. இன்னொரு நாளிதழ். பிறகு பழைய தொலைபேசிப் புத்தகத்தின் அரைவாசி. கட்டைகளின் நுனியில் நுரை தள்ளி, ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது. சிம்னி ஒரு வாய்ப் புகையைக்கூட ஏற்கவில்லை, முழுவதையும் கூடத்துக்குள்ளேயே திருப்பித் துப்பியது. வசந்தமலர் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். பாலசுப்பிரமணியன் இருமினார். கூரையில் இருந்த புகை மணி வீடே அதிரக் கத்தத் தொடங்கியது. யாரோ யன்னலைத் திறக்க, பனிக்காற்று வந்து மேசையில் இருந்த கூட்டக் குறிப்புகளைத் தூக்கிக்கொண்டு போனது. ஞானேஸ்வரன் கதிரையில் ஏறி நின்று சான்றிதழ்ச் சட்டத்தால் புகை மணிக்கு விசிறினார்.

யோகமலர் சிரிக்கவில்லை. வடையைத் திருப்பிப் போட்டாள். அவளுக்கு உள்ளே குளிர்ந்துபோய் நல்ல சந்தோசமாக இருந்தது, அதை அவள் மறைக்கவும் முயலவில்லை.

"இங்கத்தைய மரம் சரியில்லை" என்று ஞானேஸ்வரன் சொல்வது கேட்டது. "சிம்னியும் சரியில்லை. வெள்ளைக்காரன் கட்டினது."

கொஞ்ச நேரம் கழித்து அவர் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். மூக்கு நுனியில் கரி. குரல் எலிக்குஞ்சின் குரல்.

"யோகம், ஒருக்கா வந்து பாருமன்."

"எனக்கென்ன தெரியும்?"

"உந்தக் கதையை விடும் இப்ப. சனம் விறைக்குது."

"வாறன். ஆனா நோர்வேயில ஆர் மூட்டினதெண்டு அவையளுக்குச் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்."

"ஓமப்பா, ஓம். சொல்லுறன். முதல் வாரும்."

அவள் சட்டியை இறக்கினாள். படியேறிப் போய் துவாய்களுக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டு விறகை முந்தானையில் போட்டுக்கொண்டு வந்தாள். அடுப்புக்குள் இருந்த ஈரக் கட்டைகளை இடுக்கியால் தூக்கி வெளியே போட்டாள். சாம்பலைச் சமப்படுத்தினாள். ஒரு கடதாசியைச் சுருட்டிக் கொளுத்தி, உள்ளே கையை விட்டு, சிம்னியின் வாய்க்குள் பிடித்துக்கொண்டு இருந்தாள். சுவாலை ஒருமுறை தடுமாறிப் பிறகு மேல்நோக்கி நிமிர்ந்தது. சிம்னிக்குள் ஹோ என்று காற்று எழும்பியது. சிராய்களைக் குறுக்கே அடுக்கி நெருப்பைக் கொடுத்தாள். எல்லாம் ஐந்து நிமிடம். கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாக நெருப்பு நின்று எரிந்தது. அந்தக் கறுத்த இரும்பு டிக் டிக் என்று சூடாகத் தொடங்கியது.

"அம்மாடி!" வசந்தமலர் கையை நீட்டிக்கொண்டு கிட்ட வந்தார். "உந்த வேலையை நீர் எங்கயப்பா பழகினனீர்?"

யோகமலர் ஞானேஸ்வரனைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். இரண்டு கைகளையும் விரித்தார்.

"நான்தான் பழக்கினனான்" என்றார்.

அவளுக்கு, ஆஸ்பத்திரியால் வந்த அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தது ஞாபகம் வந்தது. இடுக்கியைத் தூக்கி எறியலாம் போல் இருந்தது. எறியவில்லை. முந்தானையில் மிஞ்சியிருந்த தூசியைத் தட்டினாள். இடுக்கியை அவருடைய கையில் கொடுத்தாள்.

"பழக்கினவர் நிக்கேக்க நான் ஏன் நிப்பான்? இனி நீங்கள் பாருங்கோ."

அடுப்புக்குக் கிட்ட இருந்த சாய்வுக் கதிரை அவருடையது. வேறு யாரும் அதில் இருப்பதில்லை. யோகமலர் அதில் போய் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கோப்பைத் தேநீரை வாங்கி ஊதி ஊதிக் குடிக்கத் தொடங்கினாள்.

சிராய் நெருப்பு எத்தனை நேரம் நிற்கும்? பத்து நிமிடத்தில் தணிந்தது. ஞானேஸ்வரன் அவளைப் பார்த்தார். அவள் தேநீரைப் பார்த்தாள். அவர் பூஞ்சணம் பிடித்த கட்டை ஒன்றைத் தூக்கி வைத்தார். ஸ்ஸ். கண்ணாடி கறுத்தது. அடுப்பின் காற்று வாயை மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார். குனிந்து வாயால் ஊத, சாம்பல் பறந்து கண்ணுக்குள் போனது. இடுக்கி கம்பளத்தில் விழுந்து ஒரு ஓட்டையைப் பொசுக்கியது. பாலசுப்பிரமணியன் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். புகை மறுபடியும் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தது.

யோகமலர் எழும்பவில்லை. கால் விறைத்தது. மேலே பிள்ளைகள் போர்வைக்குள் இருக்கிறார்கள், சுடுதண்ணிப் பை இன்னும் ஒரு மணித்தியாலம் சூடு தாங்கும். அந்த ஒரு மணித்தியாலமும் இப்படியே இருக்கத் தயாராக இருந்தாள்.

"ஞானம்," என்றார் பஸ்தியாம்பிள்ளை மாஸ்டர். நாற்பது வருடம் வகுப்பில் பொய்க் கணக்கைப் பிடித்த குரல். "உமக்கு உது மூட்டத் தெரியுமோ, தெரியாதோ?"

ஞானேஸ்வரன் முழங்காலில் இருந்தபடி திரும்பினார். கண்ணால் தண்ணி ஓடிக் கரிக்குள் இரண்டு கோடு விழுந்திருந்தது.

"தெரியாது, மாஸ்டர்."

"அப்ப அங்க ஆர் மூட்டினது?"

அவர் கைகளை விரிக்கவில்லை. ஒரு கையில் இடுக்கி இருந்தது, மற்றக் கை தரையில் ஊன்றியிருந்தது.

"இவதான்."

"எத்தினை வருசம்?"

"பதினொண்டு. ஒருநாளும் நான் மூட்டேல்லை. முழுக்க இவதான்."

யோகமலருக்குக் கண் நிறைந்தது. புகையென்று நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இந்த நாலு சொல்லைச் சொல்ல இந்த மனுசனுக்கு இத்தனை வருடமும் அரைவாசித் தொலைபேசிப் புத்தகமும் தேவைப்பட்டதே என்ற ஆத்திரமும் கூடவே வந்தது. ஆனால் கேட்டுவிட்டாள். எட்டுப் பேர் முன்னால் கேட்டுவிட்டாள்.

வசந்தமலர் கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று வருடத்தில் நோர்வேயைப் பற்றி ஒருவர் அவளிடம் கேட்டது அதுதான் முதல்முறை.

"யோகம், உண்மையைச் சொல்லும். அங்க மைனஸ் முப்பத்தைஞ்சோ?"

ஞானேஸ்வரன் முழங்காலில் இருந்தே அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. பதினெட்டு என்று ஒரு சொல் போதும், இனி இந்த ஹரோவில் அவர் எந்தக் கதிரையிலும் ஜாக்கெட் தொங்கவிட முடியாது. யோகமலர் மிச்சத் தேநீரையும் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கெப்பிடித் தெரியும், வசந்தமலரக்கா? நான் அந்த நேரம் வெளியில நிண்டு பனிக்குள்ள விறகு கிண்டிக்கொண்டிருப்பன். தெர்மாமீற்றர் பாத்தது இவர்தான். உள்ளுக்கு நிண்டு, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு."

முதலில் மாஸ்டர்தான் சிரித்தார். பிறகு பாலசுப்பிரமணியன். பொலித்தீன் சோபா முழுக்கச் சரசரத்துக் குலுங்கியது. ஞானேஸ்வரன் மெல்ல எழும்பி முழங்காலைத் தட்டினார்.

"அந்த விறகு... இன்னும் கிடக்கே?" என்று கேட்டார்.

"கிடக்கு. மேல, துவாயளுக்குப் பின்னால. மெல்லிசா கொத்தினதை முதல்ல கொண்டு வாங்கோ."

அவர் படியேறிப் போனார். அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை.